எரிபொருள் தொட்டி மந்த வாயு அமைப்பு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பயணிகள் விமானத்தின் எரிபொருள் தொட்டிக்குள் நைட்ரஜன் செலுத்தி, ஆக்சிஜனைக் குறைத்து, வெடிப்பைத் தடுக்கும் அமைப்பு பழுதானாலும் விமானம் வழக்கம்போலப் பறக்கும். என்ஜின் ஓடும், ஏசி ஓடும். போயிங் 737-இல் காக்பிட்டில் ஒரு விளக்குகூட எரியாது. சக்கரக் குழியில் உள்ள சின்னப் பலகையில் பச்சைக்குப் பதிலாக நீலமோ அம்பரோ எரியும், அவ்வளவுதான். எம்இஎல் (எந்தப் பழுதோடு எத்தனை நாள் பறக்கலாம் என்று சொல்லும் பட்டியல்) பெரும்பாலும் 10 நாள் அவகாசம் தருவதால் வேலை தள்ளிப்போகிறது. கடைசி நாள் இரவு அவசரமாக ஏஎஸ்எம் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து நைட்ரஜன் செறிந்த காற்றைத் தரும் பாகம்) மாற்றப்படுகிறது, சில வாரத்தில் அதே செய்தி திரும்பி வருகிறது. இந்தச் சுழலை நிறுத்தத்தான் இந்த வழிமுறை. நீலம் என்றால் தரம் குறைந்துவிட்டது, அம்பர் என்றால் வேலையே செய்யவில்லை. இரண்டுக்கும் தேட வேண்டிய இடங்கள் வேறு வேறு.

1996 ஜூலை 17 அன்று நியூயார்க்கிலிருந்து கிளம்பிய டிடபிள்யூஏ 800 விமானத்தின் நடுத் தொட்டி வெடித்து 230 பேர் இறந்தார்கள். 1990-இல் மணிலாவிலும் 2001-இல் பாங்காக்கிலும் தரையில் நின்றிருந்த 737 விமானங்களின் நடுத் தொட்டி வெடித்தது. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏ 2008-இல் விதி கொண்டுவந்த பிறகே இந்த அமைப்பு பயணிகள் விமானங்களில் பரவலானது. அதனால் இதன் செய்தி எதையும் "நச்சரிப்புச் செய்தி" என்று ஒதுக்காதீர்கள்.

நினைவில் இருக்க வேண்டிய எண்கள்: தரை மட்டம் முதல் 10,000 அடி வரை தொட்டியின் காலி இடத்தில் ஆக்சிஜன் 12 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேலே வரம்பு சீராகத் தளர்ந்து 40,000 அடியில் 14.5 சதவீதமாகிறது. ராணுவ விமானங்களில் 9 சதவீதம் என்ற இறுக்கமான வரம்பை வைத்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்றும் முக்கியம். இந்த அமைப்பின் ஆக்சிஜன் சென்சார் உட்கார்ந்திருப்பது குழாயில், தொட்டியில் அல்ல. குழாயில் போகும் காற்று நன்றாக இருக்கிறது என்று மட்டுமே அதற்குச் சொல்லத் தெரியும். அந்தக் காற்று தொட்டிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது. கீழே உள்ள பல சோதனைகள் இந்த இடைவெளியை அடைப்பதற்காகவே.

## கை வைக்கும் முன்

நைட்ரஜன் செறிந்த காற்றுக்கு மணமில்லை, நிறமில்லை, மூச்சுத் திணறல்கூட முன்கூட்டி வராது. நேரே மயக்கம்தான். இந்த அமைப்பு ஓடிய தொட்டிக்குள் 12 சதவீத ஆக்சிஜனோ அதைவிடக் குறைவாகவோ இருக்கலாம். தலையை மட்டும் நீட்டி எட்டிப் பார்க்கலாம் என்று நினைப்பது உயிரை எடுக்கும். விழுந்தவரைத் தூக்கப் பதறிப் போய் உள்ளே இறங்குபவரும் அதே இடத்தில் விழுவார். தொட்டிக்குள் போக வேண்டுமென்றால் அமைப்பின் சர்க்யூட் பிரேக்கரை இழுத்து வளையமும் எச்சரிக்கை அட்டையும் மாட்டுங்கள். எரிபொருளை வடித்து, நல்ல காற்றை ஊதிக் காற்றோட்டம் செய்யுங்கள். மீட்டரில் ஆக்சிஜன் 19.5-க்கும் 23.5-க்கும் இடையில் வர வேண்டும், எரிபொருள் ஆவியின் அளவு கீழ் எரியும் வரம்பின் (ஆவி தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவின்) 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வெளியே ஒருவர் காவலுக்கு நின்றே ஆக வேண்டும். தொட்டி வேலைக்கென்று தனிப் பயிற்சி இல்லாதவர் இதைச் செய்யவே கூடாது.

தொட்டிக்கு வெளியேயும் கவனம் வேண்டும். அமைப்பு பொருத்தப்பட்ட அறை மூடியிருக்கும். அங்கே நைட்ரஜன் கசிந்தால் அந்த அறையிலும் ஆக்சிஜன் குறையும். அமைப்பை ஓடவிட்டுக் கசிவு தேடும்போது சட்டையில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் இல்லாமல் குனியாதீர்கள். ஆக்சிஜன் செறிந்த கழிவுக் காற்று வெளியேறும் வாய்ப் பக்கம் இதற்கு நேர் எதிர். அங்கே எண்ணெய்த் துணியையோ கிரீஸ் டப்பாவையோ வைக்காதீர்கள்.

## முதலில் எடுக்க வேண்டிய குறிப்பு

பாகத்தைக் கழற்றும் முன் நான்கு விவரங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். செய்தி பறத்தலின் எந்தக் கட்டத்தில் வந்தது: தரையிலா, ஏறும்போதா, நிலைப் பறத்தலிலா, இறங்கும்போதா? அப்போது ஏஎஸ்எம் நுழைவு வெப்பமும் அழுத்தமும் எவ்வளவு? அதே நேரத்தில் பிளீட் ஏர் (என்ஜினிலிருந்து எடுத்து இந்த அமைப்புக்குத் தரும் சூடான அழுத்தக் காற்று) அமைப்பில் வேறு செய்தி உண்டா? கடைசியாக ஃபில்டர், ஓசோன் கன்வர்ட்டர் (பிளீட் காற்றில் உள்ள ஓசோனை நீக்கும் பாகம்), ஏஎஸ்எம் மாற்றிய தேதியும் மணிக்கணக்கும் என்ன?

இவற்றில் முதல் விவரத்துக்குத்தான் மதிப்பு அதிகம். கட்டம் தெரியாமல் பிழை தேடுவது இருட்டில் ஊசி தேடுவது போலத்தான்.

## அறிகுறி: நைட்ரஜன் காற்றில் ஆக்சிஜன் அதிகம்

அதிகம் வரும் புகார் இதுதான், அதிகம் தவறாகக் கையாளப்படுவதும் இதுதான். செய்தி வந்ததும் ஏஎஸ்எம் மேல் பழி விழுகிறது. அமைப்பிலேயே விலை கூடிய பாகங்களில் அது ஒன்று. கழற்றி அனுப்பினால் பல நேரம் "குறை எதுவும் காணவில்லை" என்று திரும்பி வருகிறது.

### இறங்கும்போது மட்டும் வந்தால்

விமானம் இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் ஏறுவதால் வென்ட் (தொட்டியை வெளிக்காற்றோடு இணைக்கும் திறப்பு) வழியாகத் தொட்டிக்குள் காற்று நுழையப் பார்க்கும். அதை முந்திக்கொள்ள அமைப்பு அதிக ஓட்ட நிலைக்கு மாறும். ஓட்டம் கூடினால் சுத்தம் குறையும். எனவே இறங்கும்போது காட்டும் ஆக்சிஜன், நிலைப் பறத்தலில் காட்டுவதைவிட இரண்டு மடங்கு இருந்தாலும் அது அமைப்பின் இயல்பாக இருக்கலாம். மேனுவலில் இரண்டு நிலைக்கும் தனித்தனி வரம்பு இருக்கும். எந்த வரம்போடு ஒப்பிடுகிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள்.

அதிக ஓட்ட வரம்பையும் தாண்டினால் பிளீட் அழுத்தத்தைப் பாருங்கள். இறங்கும்போது என்ஜின் ஐடிலில் (மிகக் குறைந்த வேகத்தில்) இருக்கும், அழுத்தம் மிகக் குறைவாகக் கிடைக்கும் நேரம் அது. பிளீட் ரெகுலேட்டரோ உயர்கட்ட வால்வோ கொஞ்சம் சோம்பலாக இருந்தாலும் மற்ற கட்டங்களில் தெரியாது, இங்கே தெரிந்துவிடும். அதற்குரிய சோதனையைப் பிளீட் பக்கம் செய்யுங்கள், நைட்ரஜன் பக்கம் எதையும் கழற்றாதீர்கள்.

### அமைப்பு ஓடத் தொடங்கிய சில நிமிடத்தில் வந்து, பிறகு மறைந்தால்

ஏஎஸ்எம் உள்ளே இருக்கும் மெல்லிய குழல் இழைகள் சூடானால்தான் ஆக்சிஜனை நன்றாகப் பிரித்து வெளியே தள்ளும். இரவு முழுக்கக் குளிரில் நின்ற விமானத்தில் இழைகள் சூடேற நேரம் எடுக்கும். ஆக்சிஜன் சென்சாரும் அப்படித்தான். சிர்கோனியா வகை சென்சாருக்கு உள்ளே ஒரு ஹீட்டர் உண்டு, அது சூடாகும் வரை வாசிப்பை நம்ப முடியாது. மேனுவல் சொல்லும் வார்ம்-அப் நேரம் முடிந்த பிறகு எடுத்த வாசிப்பை மட்டும் கணக்கில் எடுங்கள். அதன் பிறகும் சரியாகவில்லை என்றால் மட்டும் அடுத்த பிரிவுக்குப் போங்கள்.

### எல்லாக் கட்டத்திலும் வந்தால்

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் கழிவுக் காற்று வாய். ஆக்சிஜன் செறிந்த காற்று வெளியேறும் குழாயின் வாயில் ஒட்டுநாடாவோ மூடியோ பூச்சிக் கூடோ இருந்தால் ஏஎஸ்எம்முக்குள் எதிரழுத்தம் ஏறும், பிரிப்பு கெடும். விமானத்தைக் கழுவியபோதோ பெயின்ட் அடித்தபோதோ ஒட்டிய நாடா அங்கேயே தங்கிவிடுவது உண்டு. டார்ச் அடித்துப் பார்க்க அரை நிமிடம் போதும், காசும் செலவில்லை.

அடுத்து சென்சார் உண்மை சொல்கிறதா என்று பாருங்கள். அமைப்பு ஓடாத நிலையில், சென்சாரில் சாதாரணக் காற்று படும்போது வாசிப்பு 20.9-ஐ ஒட்டி வர வேண்டும். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்த சென்சார்கள் அளப்பது ஆக்சிஜனின் பகுதி அழுத்தத்தை, அதாவது மொத்தக் காற்றழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கை. அழுத்தத் திருத்தம் இல்லாமல் பார்த்தால், வெளி அழுத்தம் 950 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும் உயரமான ஒரு விமான நிலையத்தில் அதே நல்ல சென்சார் 19.6 காட்டும். கணக்கு எளிது: 20.9-ஐ 950-ஆல் பெருக்கி 1013-ஆல் வகுங்கள். இதைச் செய்யாமல் நல்ல சென்சாரைக் குறை உள்ளது என்று கழற்றுவதும் நடக்கிறது, அழுத்தத் திருத்தத்துக்கான சென்சாரில் உள்ள குறையைக் கவனிக்காமல் விடுவதும் நடக்கிறது. திருத்திய பிறகும் மேனுவலின் எல்லைக்கு வெளியே இருந்தால் கனெக்டரைக் கழற்றி, பின்களில் பச்சை பூத்திருக்கிறதா, ஈரம் உண்டா என்று பார்த்துச் சுத்தம் செய்து மீண்டும் சோதியுங்கள். அதற்குப் பிறகே சென்சாரை மாற்றுங்கள்.

மூன்றாவது, வெப்பமும் அழுத்தமும். ஏஎஸ்எம் நுழைவு வெப்பம் தேவையைவிடக் குறைவாக இருந்தால் ஆக்சிஜன் அதிகமாகத்தான் இருக்கும். பல வகைகளில் அது ஏறக்குறைய 60 முதல் 80 டிகிரி செல்சியஸுக்குள் வைக்கப்படும், சரியான எண் உங்கள் மேனுவலில் இருக்கும். குளிர்க்காற்று வால்வு திறந்தபடி சிக்கியிருந்தால் வெப்பம் இறங்கிவிடும். அழுத்தம் குறைந்தாலும் இதே விளைவுதான். அது ஃபில்டரை நோக்கிக் கை காட்டுகிறது, கீழே ஓட்டம் குறைவு பற்றிய பிரிவைப் பாருங்கள்.

நான்காவது, இருநிலை ஃப்ளோ வால்வு. குறைந்த ஓட்ட நிலையில் இருக்க வேண்டிய நேரத்தில் அதிக ஓட்ட நிலையில் சிக்கியிருந்தால் ஆக்சிஜன் எப்போதும் ஒரே மாதிரி உயர்ந்தே நிற்கும். நிலை மாறச் சொல்லிக் கட்டளை கொடுங்கள். வால்வு உடல் மேல் விரல் நுனியை வைத்தால் "டக்" என்ற அசைவு தெரியும், ஆனால் சுடுகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள். அசைவு தெரிந்தும் வாசிப்பு மாறவில்லை என்றால் உள்ளே மடல் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இரண்டு நிலையிலும் ஆக்சிஜன் வாசிப்பு ஒன்றாக இருப்பதே இதற்கான சாட்சி.

ஐந்தாவது, கசிவு. இதில் பலர் குழம்புகிறார்கள். குழாய்க்குள் அழுத்தம் வெளியைவிட அதிகம், அதனால் கசிவு வழியாக வெளிக்காற்று உள்ளே வராது. பிறகு எப்படி ஆக்சிஜன் கூடுகிறது? ஏஎஸ்எம்முக்கும் ஃப்ளோ வால்வுக்கும் இடையில் கசிந்தால், அந்தக் கசிவும் சேர்ந்து ஏஎஸ்எம் வழியே ஓடும் காற்றைக் கூட்டுகிறது. காற்று இழைகளுக்குள் தங்கும் நேரம் குறைகிறது, சுத்தம் இறங்குகிறது. ஃப்ளோ வால்வைத் தாண்டிக் கசிந்தாலோ ஆக்சிஜன் வாசிப்பில் எதுவும் தெரியாது. அது இன்னும் மோசம், கடைசிப் பிரிவில் வருகிறது.

கசிவு தேட அல்ட்ராசோனிக் கருவி நல்லது. இல்லையென்றால் அனுமதிக்கப்பட்ட, அரிப்பு ஏற்படுத்தாத சோப்புக் கரைசல் போதும், வேலை முடிந்ததும் துடைத்துவிடுங்கள். கசிவு பெரும்பாலும் இணைப்பில்தான் இருக்கும். குழாய் இணைப்பைச் சுற்றிப் பிடிக்கும் வி-பேண்ட் கிளாம்பை டார்க் செய்யும்போது (குறிப்பிட்ட முறுக்கு விசைக்கு இறுக்கும்போது) ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் மெல்லத் தட்டி, மீண்டும் டார்க் பாருங்கள். முதல் தடவை சரியான டார்க் காட்டிய கிளாம்ப், தட்டிய பிறகு இன்னும் கொஞ்சம் இறங்கலாம். கழற்றிய ஓ-ரிங்கைத் திரும்பப் போடாதீர்கள். பழைய ஓ-ரிங்கை நகத்தால் உருட்டிப் பார்த்தால் வட்டமாக இருக்க வேண்டிய உடல் ஒரு பக்கம் தட்டையாகிப்போயிருப்பது தெரியும். அந்தத் தட்டைதான் கசிவு வழி.

ஆறாவதாகத்தான் ஏஎஸ்எம். மேலே உள்ள ஐந்தும் சரி, நுழைவு வெப்பமும் அழுத்தமும் வரம்புக்குள், ஓட்டமும் சரி, சென்சாரும் சரி என்ற பிறகும் ஆக்சிஜன் உயர்ந்திருந்தால் இழைகள் கெட்டுவிட்டன என்று முடிவு செய்யலாம். அதை மாற்றும் முன் ஏஎஸ்எம் விரைவில் கெடுவது பற்றிய பிரிவைக் கண்டிப்பாகப் படியுங்கள்.

தரையில் சோதித்தால் ஒன்றை மறக்காதீர்கள்: கழிவுக் காற்று தரை மட்ட அழுத்தத்துக்கு எதிராக வெளியேறுகிறது. வானில் வெளி அழுத்தம் குறைவு என்பதால் அதே நுழைவு அழுத்தத்தில் பிரிப்பு இன்னும் நன்றாக நடக்கும். தரையில் வந்த எண்ணைப் பறத்தல் பதிவோடு நேராக ஒப்பிடக் கூடாது, தரைச் சோதனைக்கென்று கொடுத்த அட்டவணையோடுதான் ஒப்பிட வேண்டும்.

"கொஞ்சம்தானே கூடியிருக்கிறது" என்று தோன்றினால் இந்தக் கணக்கைப் பாருங்கள். 21 சதவீத ஆக்சிஜன் உள்ள தொட்டியை 12-க்கு இறக்க, 5 சதவீத ஆக்சிஜன் உள்ள நைட்ரஜன் காற்று தொட்டிக் கொள்ளளவில் ஏறக்குறைய 0.8 மடங்கு போதும். அதே காற்று 9 சதவீதமாகிவிட்டால் 1.4 மடங்கு தேவை. குறுகிய தூரப் பறத்தலில் அவ்வளவு காற்று உள்ளே போகும் முன் விமானம் தரையிறங்கிவிடும்.

## அறிகுறி: வெப்பம் மிகுந்து அமைப்பு தானாக நிற்கிறது

என்ஜினிலிருந்து வரும் பிளீட் காற்று மிகச் சூடானது. அது அப்படியே தொட்டிக்குப் போகாமல் இருக்கத்தான் தனித்தனி சென்சாரோடு இரட்டை அடைப்பு வால்வு வைத்திருக்கிறார்கள். இந்த வெப்பப் பாதுகாப்பைச் சோதனைக்காகக்கூட ஜம்பர் போட்டுத் தாண்டாதீர்கள். இங்கே சமரசமே கிடையாது.

### தரையிலும் மெதுவான டாக்ஸியிலும் மட்டும் என்றால்

ராம் ஏர் (பறக்கும் வேகத்தால் உள்ளே வந்து குளிர்விக்கும் வெளிக்காற்று) ஓட்டம் இல்லாத நேரம் அது. வெயில் நாளில் வெளிக்காற்றே சூடாக இருக்கும். பல வகைகளில் தரையில் அமைப்பு ஓடாது. ஓடும் வகையில் குளிர்விக்கும் விசிறியோ ஜெட் பம்போ வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

### பறத்தலிலும் என்றால்

ராம் ஏர் நுழைவையும் வெளியேற்றத்தையும் பாருங்கள், ஒரு குளவிக் கூடு போதும். பிறகு ஹீட் எக்ஸ்சேஞ்சரின் குளிர் பக்க முகத்தை டார்ச் வெளிச்சத்தில் சாய்வாகப் பாருங்கள். நேராகப் பார்த்தால் சுத்தமாகத் தெரியும் துடுப்புகள், சாய்வில் பார்த்தால் பஞ்சும் பூச்சிச் சிறகும் படிந்து சாம்பல் நிறமாகத் தெரியும். காற்று ஓடும் திசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து குறைந்த அழுத்தத்தில் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். அழுத்தம் கூடினால் துடுப்புகள் மடங்கும்.

அடுத்தது சென்சார் ஒப்பீடு. விமானம் இரவு முழுக்க நின்ற பிறகு, எதையும் ஓடவிடாமல், அமைப்பின் எல்லா வெப்ப சென்சார்களையும் ஒரே நேரத்தில் வாசியுங்கள். எல்லாம் வெளி வெப்பத்தைச் சில டிகிரிக்குள் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால் அதுதான் பொய் சொல்கிறது. கழற்றாமலே குற்றவாளியைப் பிடிக்க இதைவிட நல்ல சோதனை இல்லை.

அதற்குப் பின் குளிர்க்காற்று வால்வின் ஆக்சுவேட்டர். இவை எல்லாம் சரியென்றால் பிழை இந்த அமைப்பில் இல்லாமல் இருக்கலாம். பிளீட் காற்றை முதலில் குளிர்விக்கும் ப்ரீகூலர் தன் வேலையைச் செய்யாமல் வழக்கத்தைவிடச் சூடான காற்றை அனுப்புகிறதா என்று அந்தப் பக்கம் பாருங்கள். ஹீட் எக்ஸ்சேஞ்சரின் உள்ளே சூடான பக்கமும் குளிர் பக்கமும் ஒன்றோடொன்று கசிந்தால் பணிமனைக்குத்தான் அனுப்ப வேண்டும், விமானத்தில் வைத்துச் சரிசெய்ய முடியாது.

## அறிகுறி: அமைப்பு தொடங்கவே இல்லை

பாதிப் புகார் பழுதே அல்ல. விமானம் தரையில் இருந்தாலும், ஒரு என்ஜின் நின்றாலும், தீ எச்சரிக்கையோ பிளீட் கசிவு எச்சரிக்கையோ இருந்தாலும் அமைப்பு வேண்டுமென்றே தொடங்காது. எந்தெந்த நிபந்தனை தடுக்கும் என்பது வகைக்கு வகை மாறும். உங்கள் வகையின் தடை நிபந்தனைப் பட்டியலை அச்செடுத்து ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள்.

எல்லா நிபந்தனையும் சரியாக இருந்தும் தொடங்கவில்லை என்றால் சர்க்யூட் பிரேக்கர், கனெக்டர், காற்று-தரை சிக்னல் (விமானம் வானிலா தரையிலா என்று சொல்வது), அடைப்பு வால்வின் சோலினாய்டு மின்தடை என்ற வரிசையில் போங்கள். கன்ட்ரோலர் கடைசி. முந்தைய வேலையில் அமைப்பை நிறுத்தி வைத்து, வால்வைக் கையால் மூடிப் பூட்டியவர் திறக்க மறந்திருக்கிறாரா என்று லாக்-புக்கைப் புரட்டுவதை எல்லாவற்றுக்கும் முன் செய்யுங்கள். கன்ட்ரோலரை மாற்றினால் மென்பொருள் பதிப்பு பொருந்துகிறதா என்று சரிபாருங்கள். பொருந்தவில்லை என்றால் நீங்களே ஏற்றாமல் ஏவியோனிக்ஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி: ஓட்டம் குறைவு, அழுத்தம் குறைவு

ஃபில்டர்தான் முதல் சந்தேகம். அதன் இரு பக்க அழுத்த வித்தியாசம் வரம்பைத் தாண்டினால் மாற்றுங்கள். மாற்றியதோடு நிற்காமல், கழற்றிய ஃபில்டரின் நுழைவு முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். உலர்ந்த சாம்பல் தூசி என்றால் வழக்கமான அழுக்கு. பழுப்பாக, பிசுபிசுப்பாக, தீய்ந்த எண்ணெய் வாடையோடு இருந்தால் என்ஜினிலோ ஏபியூ என்ற துணை என்ஜினிலோ ஆயில் சீல் கசிகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் புது ஃபில்டர் போட்டு மூடுவது பிழையைத் தள்ளிப்போடுவதுதான்.

ஃபில்டர் நன்றாக இருந்தால் அடைப்பு வால்வு முழுதாகத் திறக்கிறதா என்று அதன் நிலை காட்டியில் பாருங்கள். பிறகு ஃபில்டருக்கு முன்னால் உள்ள குழாய் இணைப்புகளில் கசிவு, பிறகு ஓசோன் கன்வர்ட்டரில் அடைப்பு. அங்கே கசிவது சூடான காற்று. கையை வைத்துத் தேடாதீர்கள்.

## அறிகுறி: மாற்றிய ஏஎஸ்எம் சீக்கிரமே கெடுகிறது

இழைகளைக் கெடுப்பவை மூன்று: அதிக வெப்பம், எண்ணெய், ஓசோன். வெப்பம் செய்தி கொடுத்துவிட்டு வரும். மற்ற இரண்டும் சத்தமில்லாமல் கொல்லும்.

எண்ணெய்க்கு எளிய சோதனை இது: ஏஎஸ்எம் நுழைவுக் குழாயைக் கழற்றி, வெள்ளை, பஞ்சு உதிராத துணியால் உள்சுவரைத் துடையுங்கள். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உலர்ந்த கறை பரவாயில்லை. துணி ஒளி ஊடுருவும்படி ஈரமாகத் தெரிந்தால் எண்ணெய். ஃபில்டருக்குப் பின்னால்கூட எண்ணெய் வந்திருந்தால் புது ஏஎஸ்எம் போடுவதை அங்கேயே நிறுத்துங்கள். ஊற்றைக் கண்டுபிடித்து, குழாய்களைச் சுத்தம் செய்து, ஃபில்டரையும் மாற்றிய பிறகுதான் போட வேண்டும்.

ஓசோன் உயரத்தில், அதுவும் துருவத்தை ஒட்டிய பாதைகளில் அதிகம். கன்வர்ட்டர் செயலிழந்தால் அதற்கென்று செய்தி எதுவும் வராது, ஏஎஸ்எம் மட்டும் சீக்கிரம் கெடும். எண்ணெய் கன்வர்ட்டரையும் நாசமாக்கும். எனவே எண்ணெய் வந்த விமானத்தில் கன்வர்ட்டரின் மணிக்கணக்கு இன்னும் மிச்சம் இருந்தாலும் அதை நம்ப வேண்டாம். இரண்டாவது ஏஎஸ்எம்மும் காலத்துக்கு முன் கெட்டால், மூன்றாவதை ஆர்டர் செய்யும் முன் உற்பத்தியாளரின் பொறியியல் பிரிவுக்குப் பறத்தல் பதிவை அனுப்புங்கள்.

## அறிகுறி: நைட்ரஜன் குழாயில் எரிபொருள் அல்லது எரிபொருள் வாடை

நிறுத்துங்கள். அமைப்பைச் செயலிழக்கச் செய்து, மின்சாரத்தைத் துண்டித்து, அந்தப் பகுதியில் வேறு வேலை எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டிக்குப் போகும் குழாயில் திரும்பா வால்வுகள் (ஒரு திசையில் மட்டும் ஓடவிடுபவை) இருப்பதே எரிபொருள் பின்னோக்கி வராமல் தடுக்கத்தான். எரிபொருள் வந்திருக்கிறது என்றால் அந்தத் தடை தோற்றுவிட்டது.

நீங்கள் செய்யக்கூடியது, குழாயின் தாழ்ந்த இடத்தில் உள்ள வடிகாலைத் திறந்து எவ்வளவு வந்தது என்று அளந்து எழுதி வைப்பது மட்டும். சில சொட்டு ஈரம் என்றால் ஆவி குளிர்ந்து தங்கியதாக இருக்கலாம், ஓடி வந்தால் வால்வு திறந்தே இருக்கிறது. இதற்கு மேல் தொட்டி வேலைக் குழுதான். திரும்பா வால்வும் குழாயும் சிடிசிசிஎல் பட்டியலில் (தொட்டிப் பாதுகாப்புக்காக மாறாமல் காக்க வேண்டிய வடிவமைப்பு அம்சங்களின் பட்டியல்) வரக்கூடியவை. அந்த வேலையில் பாண்டிங் (பாகங்களை விமான உடலோடு இணைக்கும் மின் இணைப்பு) மின்தடையை மில்லி ஓம் மீட்டரால் அளந்து பதிய வேண்டும், இரண்டாவது ஆள் தனியாகச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். எரிபொருள் நனைத்த ஏஎஸ்எம்மைக் காயவைத்து மீண்டும் போடலாமா என்ற கேள்வியே வேண்டாம்.

## அறிகுறி: விளக்கு பச்சை, செய்தி இல்லை, ஆனால் தொட்டியில் ஆக்சிஜன் அதிகம்

இதை யாரும் புகாராகக் கொண்டுவர மாட்டார்கள். தேடினால்தான் கிடைக்கும். தொட்டிக்குள் வேலை நடந்து மூடிய விமானம், நைட்ரஜன் குழாய் கழற்றி மாட்டிய விமானம், வென்ட் அமைப்பில் கை வைத்த விமானம் இவற்றையெல்லாம் ஒரு தடவை மாதிரி எடுத்துப் பார்ப்பது நல்லது.

மாதிரி எடுக்கும் நேரம் முக்கியம். விமானம் வந்து நின்றதும், எரிபொருள் நிரப்பும் முன் எடுங்கள். நிரப்பிய பிறகு புது எரிபொருளோடு கரைந்து வந்த காற்றும் வென்ட் வழியாக வந்த காற்றும் கலந்துவிடும். இரவு தாண்டினால் தொட்டி குளிர்ந்து சுருங்கி வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். மேனுவல் குறிப்பிட்ட இடத்தில் மட்டுமே குழாயை இணையுங்கள். எரிபொருள் ஆவிக்கு ஏற்ற, தீப்பொறி எழுப்பாது என்று சான்று பெற்ற மீட்டர் மட்டுமே. குழாயில் இருந்த பழைய காற்று வெளியேறும் வரை பம்ப்பை ஓடவிட்டு, எண் நிலைத்து நின்ற பிறகு குறித்துக்கொள்ளுங்கள். மீட்டரை முன்னும் பின்னும் சாதாரணக் காற்றில் 20.9-க்குச் சரிபாருங்கள்.

### ஓர் இடத்தில் அதிகம், மற்ற இடத்தில் குறைவு என்றால்

தொட்டிக்குள் உள்ள பகிர்வுக் குழாயில் ஓர் இணைப்பு கழன்றிருக்கலாம். நைட்ரஜன் முழுவதும் முதல் அறையிலேயே கொட்டிவிடும், தூர அறைகளுக்குப் போகாது. ஓட்டம் குறையாது, சுத்தமும் குறையாது, பலகை பச்சையாகவே இருக்கும்.

### எல்லா இடத்திலும் அதிகம் என்றால்

ஃப்ளோ வால்வுக்கும் தொட்டிச் சுவருக்கும் இடையில் உள்ள குழாயைக் கசிவுக்குச் சோதியுங்கள். அங்கே எதுவும் இல்லை என்றால் வென்ட். இரு பக்க இறக்கையிலும் வென்ட் வாய் உள்ள தொட்டியில், இரண்டு வாய்க்கும் இடையே சிறிய அழுத்த வித்தியாசம் இருந்தாலே ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் காற்று நைட்ரஜனைத் துடைத்துக்கொண்டு போய்விடும். அதைத் தடுக்க வைத்த வென்ட் திரும்பா வால்வு திறந்தபடி சிக்கியிருக்கிறதா, பழுது பார்த்தபோது திசை மாறி மாட்டப்பட்டதா என்று பாருங்கள். வால்வு உடலில் உள்ள அம்புக்குறியை மேனுவலின் படத்தோடு வைத்து ஒப்பிடுங்கள், நினைவிலிருந்து முடிவு செய்யாதீர்கள். தொட்டியின் நுழைவு மூடிகள், வென்ட் குழாய் இணைப்புகள் இவற்றின் சீல்களும் இதே பட்டியலில் வரும்.

வெளிக் குழாயின் கசிவைத் தவிர இந்த வேலை எதுவும் தொட்டிக்குள் போகாமல் முடியாது. கசிவு வெளியில் இல்லை என்று உறுதியான நிமிடத்திலேயே தொட்டி வேலைக் குழுவைக் கூப்பிட்டு, விமானத்தை எம்இஎல்படி அமைப்பு செயலற்றது என்று பதியுங்கள். பலகையில் பச்சை எரிந்துகொண்டிருந்தாலும் அப்படியே பதியுங்கள்; மாதிரியில் வந்த எண்ணையும் எடுத்த நேரத்தையும் அந்த வரியிலேயே எழுதுங்கள்.